நம்ம ஆளுக்குத் தண்ணி

அந்தக் காரில் ஏ.சி. குமிழைத் தொட ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. அவரும் தொடமாட்டார்.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் நான் வேலை பார்க்கும் பாத்திரக்கடை இருக்கிறது. எதிரே ஒரு புங்கமரம். அதன் நிழலில் வாடகைக் கார்கள் நிற்கும். கடையில் என் வேலை, பாத்திரங்களில் பெயர் வெட்டுவது. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல வேலை அமையாது. மெஷின் போடுகிற சத்தத்தில் யாரும் நம்மிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. குனிந்த தலை நிமிராமல் இருக்கலாம். எப்போதாவது நிமிர்ந்தால் எதிரே அந்தக் காரை ஓட்டுகிறவர் தெரிவார். முக்கால்வாசி நேரம் அவருடைய முதுகுதான் தெரியும். தலை பானெட்டுக்குள் இருக்கும்.

ஒல்லியான, உயரமான ஆள். தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அந்தத் துண்டால் அவர் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. அது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதற்கு. காலையில் மற்ற டிரைவர்கள் டீக்கடைக்குப் போவார்கள். இவர் முதலில் பானெட்டைத் திறப்பார். தண்ணீர் மட்டம் பார்ப்பார். ரப்பர் குழாயை அங்கங்கே அமுக்கிப் பார்ப்பார். பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து, முதல்நாள் ஓட்டத்தில் முன்பக்க வலையில் வந்து ஒட்டிக்கொண்ட பூச்சிகளைத் தட்டிவிடுவார். வண்டிக்குப் பல் விளக்கியான பிறகுதான் அவர் பல்லில் டீ படும்.

எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் வைப்பதைத் தண்ணி காட்டுவது என்போம். அவர் காருக்கும் அப்படித்தான் சொல்வார். காரைக் கார் என்றோ வண்டி என்றோ சொல்லி நான் கேட்டது குறைவு. 'நம்ம ஆளு' என்பார். "நம்ம ஆளுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனால், ஸ்டாண்டில் புதிதாக வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர் ஒரு சொட்டு குடித்ததில்லை. அவர் வாயில் இருந்து வருகிற பாதிப் பேச்சு தண்ணியைப் பற்றியதாக இருந்தது, அவ்வளவுதான்.

பெயர் வெட்டுகிற என்னிடம் அவர் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். வண்டித் தண்ணிக்கென்று வாங்கியது.

"பேரு என்னாண்ணா?" என்று கேட்டேன்.

"என் பேரு எதுக்கு தம்பி? நானா குடிக்கப் போறேன்? நம்ம ஆளு நம்பர வெட்டு."

வெட்டிக் கொடுத்தேன். அவர் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான். அதற்கப்புறம் கேட்க வெட்கமாகிவிட்டது. என் போனில் அவர் 'ஹீட்டர் அண்ணன்'. ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் அதுதான்.

அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஏ.சி. போட்டால் இன்ஜினுக்குப் பாரம் கூடும் என்பது பொதுவாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவருக்கு அது தெரிந்த விஷயமாக இல்லை, சொந்த வலியாக இருந்தது. ஏ.சி.யைப் போட்டதும் இன்ஜின் ஒரு கணம் முனகும் இல்லையா, அந்த முனகலுக்கு அவர் முகம் சுளிக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி ஒருவர் ஒருநாள் திருவெண்ணெய்நல்லூருக்குப் போய்விட்டு வந்து, ஸ்டாண்டில் இறங்கிச் சட்டையைப் பிழிந்துகொண்டே கத்தினார்.

"ஏ.சி. வண்டின்னுதான்யா சொன்ன?"

"ஏ.சி. இருக்கிற வண்டின்னு சொன்னங்க. ஏ.சி. போடுற வண்டின்னு எப்பங்க சொன்னேன்?"

இதாவது பரவாயில்லை. வெயில் காலத்தில், நெரிசலில் மாட்டி, இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் பாதியைத் தாண்டினால் அவர் ஹீட்டரைப் போட்டுவிடுவார். நம் ஊர்க் காரில் ஹீட்டர் இருப்பதே பலருக்குத் தெரியாது. குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பி, காற்றாடியை முழு வேகத்தில் வைத்தால், இன்ஜினில் கொதிக்கிற தண்ணீரின் சூடு காருக்குள் வந்துவிடும். இன்ஜின் கொஞ்சம் ஆறும். உள்ளே இருப்பவர்கள் வேகுவார்கள்.

"அதுக்கு வாயி இருக்குதா சொல்றதுக்கு? நமக்கு இருக்குது, கத்திக்கலாம். சூட்ட உள்ளயே வெச்சிக்கினு இருந்தா அது வெடிச்சிடும் தம்பி. கொஞ்சம் நாம வாங்கிக்கணும்" என்பார்.

அவர் சவாரியில் இன்னொரு விசேஷம், மார்கழி மாதத்தில் ஏ.சி. கட்டாயம் உண்டு. வருஷத்தில் ஒரு மாதமாவது ஓடவிடாவிட்டால் ஏ.சி. கெட்டுப்போகும் என்று பனி கொட்டுகிற விடியற்காலையில் முழு வேகத்தில் போடுவார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த சாமிமார்கள் நான்கு பேர் அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டே சொன்ன சரணம் செஞ்சிவரை கேட்டிருக்கும்.

மயிலத்துக்குப் போகிறவர்களை மலையடிவாரத்தில் இறக்கிவிடுவார். "மலை ஏறத்தானங்க வேண்டிக்கினு வந்தீங்க? ஏறுங்க" என்பார். அவர்கள் படியேறி மூச்சு வாங்கி மேலே போய்ச் சேர்ந்தால், காலி வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னாலேயே வந்து, பானெட்டைத் திறந்து அதற்கு விசிறிக்கொண்டு நிற்பார். மண்டகப்பட்டுக்கு யாரையாவது அழைத்துப்போனால் மட்டும் அவரும் உள்ளே போவார். பாறையைக் குடைந்த அந்தக் கோயிலின் குளுமையில் நின்று, சுவரைத் தட்டிப் பார்த்து, "ராஜா போட்ட ஏ.சி. கம்ப்ரசரே கெடையாது, பாரு" என்று ஆச்சரியப்படுவார். பல்லவ ராஜாமீது அவருக்கு இருந்த மரியாதைக்கு அது ஒன்றுதான் காரணம்.

மனிதர்களையும் அவர் இன்ஜினாகத்தான் பார்த்தார். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "முள்ளு பாதிதான் ஏறியிருக்குது. ஓடலாம்" என்றார். ஊர்களையும் அப்படித்தான். மரக்காணம் பக்கம் என்றால் உப்புத் தண்ணி, ரேடியேட்டருக்கு ஆகாது. திருவெண்ணெய்நல்லூர் என்றால் பெண்ணையாற்றுத் தண்ணி, தங்கமான ஊர். திண்டிவனத்தில் எனக்குப் பெண் பார்த்திருக்கிறது என்று சொன்னபோது அவர் யோசித்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தண்ணி கொஞ்சம் உப்புத்தான். பரவால்ல தம்பி. கூலண்ட் கலந்துக்கினா சரியாப் பூடும்."

இப்போது அந்தப் பெண் பார்க்கப் போன கதைக்கு வந்துவிட்டேன். அவரை நினைத்தால் எப்படியும் அங்கேதான் வந்து நிற்பேன்.

எனக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் ஒரே காரணத்தால் தட்டிப்போயின. நான் பேசமாட்டேன். பெண் வீட்டில் என்ன கேட்டாலும் சிரிப்பேன். சிரிப்பு வராவிட்டால் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பேன். ஒரு வீட்டில் "பையனுக்குக் காது கேக்குமா?" என்று விசாரித்தார்கள். இன்னொரு வீட்டில் விசாரிக்கவே இல்லை. என்னை வளர்த்தது என் அப்பாவின் தங்கை, அத்தை. திண்டிவனத்து இடம் வந்தபோது அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இதுதான் கடைசி. இதுவும் தட்டிப்போச்சின்னா நான் இனிமே எவ ஊட்டு வாசலும் ஏற மாட்டேன். நீ பாட்டுக்குக் குண்டான்ல பேரு வெட்டிக்கினு கெட."

பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். பஸ் டிப்போ ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் தையல் கடை வைத்திருக்கிறாள். போட்டோவில் அவளும் காலண்டரைப் பார்க்கிற மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதுவே பிடித்துப்போனது. இந்த இடம் அமைய வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். வாய்விட்டு என்றால், மெஷின் ஓடும்போது.

சித்திரை மாதம். காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. அவர் வண்டியைத்தான் சொல்லியிருந்தேன். வேறு யாரிடமும் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, வண்டியையும் கழுவி, எனக்கு முன்னால் வந்து நின்றார். அத்தையும் அத்தையின் வீட்டுக்காரரான மாமாவும் வந்தார்கள். அத்தை கையில் கோயிலில் வாங்கிய கதம்ப மாலை, மலைப்பாம்பு கனத்துக்கு ஒன்று. அதை நேராகக் கொண்டுபோய் வண்டியின் முன்பக்க வலையில் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.

அவர் பதறிப்போனார். "யக்கா, அங்க கட்டாதீங்க. அதுதான் அவனுக்கு மூக்கு."

"சாமி மாலைய கட்றப்போ மூக்குன்ற, மூஞ்சின்ற. நல்ல காரியத்துக்குப் போறப்போ அபசகுனமா பேசாத."

"மூக்க அடச்சிட்டு ஓடுன்னா எப்டிக்கா ஓடுவான்?"

"இந்த மாலைய கழட்டினா இவன் கல்யாணம் நிக்கும், சொல்லிட்டேன்."

அவர் மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காலண்டர் இல்லாத இடத்தில் காலண்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பெருமூச்சு விட்டு, "சரி, ஏறுங்க" என்றார். எனக்குத் தெரிந்து அவர் இன்ஜினைவிட ஒரு மனிதனைப் பெரிதாக நினைத்தது அதுதான் முதல்முறை. அதற்கான பலனை எல்லோரும் சேர்ந்து அனுபவித்தோம்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் முகூர்த்த நாள் கூட்டம். வண்டி ஊர்ந்தது. முள் ஏறியது. அவர் குமிழைச் சிவப்புக்குத் திருப்பினார். காலுக்குக் கீழேயும் முகத்துக்கு நேராகவும் அடுப்பைத் திறந்த மாதிரி காற்று வந்தது.

"என்னாடா இது, நெருப்பா வருது?" என்றாள் அத்தை.

"கொஞ்ச நேரந்தான்க்கா. அவன் படுற பாட்டுல பாதி நாம படுறோம்."

"நான் எதுக்குடா படணும்? நான் என்னா பாவம் பண்ணேன்?"

"மூக்குல மாலை கட்னீங்களே."

சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் அத்தையின் பவுடர் கரைந்து, குங்குமம் மூக்குவரை இறங்கிவிட்டது. மாமா எதற்கும் தூங்கிவிடுகிற ஆள். சூட்டில் மயக்கமும் சேர்ந்துகொள்ள, வாயைத் திறந்து என் தோளில் சாய்ந்துவிட்டார். எனக்குக் குமட்டியது. ஹீட்டர் அண்ணன் டேஷ்போர்டில் இருந்து இஞ்சி மொரப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்து, "வாயில அடக்கிக்கோ" என்றார்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்தார். மூடியில் இருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. உடனே மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறுகிற வரைக்கும் காத்திருந்தோம். பெண் வீட்டில் சொன்ன நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாலையைக் கழற்றலாமா என்று அவர் கண்ணால் கேட்டார். அத்தை கண்ணாலேயே கூடாது என்றாள்.

அப்போது என் போன் அடித்தது. பெண்ணின் தாய்மாமன். எனக்குப் பேச வராது. ஹீட்டர் அண்ணனின் இரண்டு கையிலும் ஈரத் துணி இருந்ததால், ஸ்பீக்கரில் போட்டு அவர் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"எங்க இருக்கீங்க?" என்றது போன்.

"கூட்டேரிப்பட்டு தாண்டிட்டோம்ங்க. நான் டிரைவரு பேசறேன். ரோட்டோரமா நிறுத்திக்கினு இருக்கோம். கொஞ்சம் லேட்டாவும்."

"ஏன், என்னா ஆச்சி?"

"நம்ம ஆளுக்குத் தண்ணி பத்தலீங்க."

"என்னா பத்தல?"

"தண்ணிங்க. காலையில கெளம்பும்போதே நெறைய காட்டிட்டுத்தான் வந்தேன். அப்பவும் பேஜாரு பண்றான். இப்ப பாருங்க, வாயத் தெறந்தா பொகையா வருது. கிட்ட போவ முடியல. இன்னும் ரெண்டு பாட்டிலு உள்ள போச்சின்னா அடங்கிடுவான். ஜல்தியா கூட்டிக்கினு வந்துர்றேன்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"வெயில் காலத்துல கொஞ்சம் ஜாஸ்திங்க. ஆனா சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆளு. வேளாவேளைக்குத் தண்ணி மட்டும் காட்டிட்டீங்கன்னா எங்க வேணா இட்டுக்கினு போலாம்."

போன் வைக்கப்பட்டது. ஹீட்டர் அண்ணன் பேசுகிற விதம் எனக்குப் பழகிப்போய்விட்டதால் அதில் தப்பாக எதுவும் என் காதில் விழவில்லை. "தன்மையா பேசினாருப்பா" என்று அவரும் திருப்தியாகச் சொன்னார். மூடியைத் துண்டு போட்டு மெதுவாகத் திறந்து, பாட்டில் பாட்டிலாக ஊற்றினோம். மீதி தூரத்துக்கும் ஹீட்டரை அணைக்கவில்லை.

திண்டிவனத்தில் பெண் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு தாய்மாமன் நின்றார். நல்ல மீசை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் எழுப்பி இறக்கிய என் மாமா, கால் பின்னி ஒரு பக்கமாகப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தையின் தலை கலைந்து, முகமெல்லாம் சிவப்பாக வழிந்தது. என் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்கள் சிவந்து எரிந்தன. நான் வழக்கம்போலச் சிரித்தேன்.

"மாப்ள, இப்டி கிட்ட வாங்க" என்றார் தாய்மாமன். போனேன்.

"ஊதுங்க."

அது அவர்கள் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சில வீடுகளில் காலைக் கழுவிவிடுவார்கள், சில வீடுகளில் விபூதி பூசுவார்கள், இங்கே ஊத வேண்டும். கேட்டால் பேச வேண்டியிருக்கும். நன்றாக மூச்சை இழுத்து அவர் முகத்தில் ஊதினேன்.

அவர் கண்ணை மூடி முகர்ந்தார். "இஞ்சி" என்றார். "வாசன தெரியாம இருக்க இஞ்சி. டிப்போவுல எத்தினி டிரைவர ஊதச்சொல்லி வண்டி குடுத்திருக்கேன், எங்கிட்டயேவா? ஏலக்கா, கிராம்பு, கொய்யா எல, எல்லாம் பாத்தாச்சி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'நான் குடிக்கிறதில்லைங்க' என்று சொன்னால் போதும். வாயைத் திறக்கப் போனேன். வாயில் இருந்த மிச்ச மொரப்பா உள்ளே போய்ப் புரையேறியது.

"பாரு, நிக்க முடியல" என்றார் தாய்மாமன். பிறகு அத்தை பக்கம் திரும்பினார். "யம்மா, நீங்களும் கொஞ்சம் ஊதுங்க."

அத்தை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "யாரப் பாத்து ஊதச் சொல்ற? நான் யாரு தெரியுமா? எங்க ஊட்ல காப்பியே நிறுத்தியாச்சு!"

"அப்புறம் ஏம்மா ஆடிக்கினு வந்து எறங்குறீங்க? நடுரோட்ல நிறுத்திக் குடிச்சிட்டு ஒரு பொண்ணு ஊட்டுக்கு வர்றதா? அந்தாளு போன்ல எல்லாத்தையும் ஒளிக்காம சொல்லிட்டாரு. அவராவது உண்மையான ஆளு."

அந்த உண்மையான ஆள், சரியாக அந்த நேரத்தில், இரண்டு காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் வந்தார்.

"ஐயா, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

"இங்க வந்துமா?" என்றார் தாய்மாமன்.

"நம்ம ஆளுக்கு இன்னும் அடங்கலீங்க."

"உங்க ஆளு இதோ எதுர்லதான நிக்கிறாரு. போதாதா அவருக்கு?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "இவரா? இவருக்கு எதுக்குங்க தண்ணி? ரேடியேட்டருக்கு."

உள்ளே ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

தாய்மாமன் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் டிப்போவில் முகர்ந்த காலமெல்லாம் வீணாகிவிடும். "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனா ஆளு ஏன்யா நனையிறான்? கதை உடுறியா?" என்றார்.

"ஹீட்டருங்க."

"சித்திர மாசத்துல எவன்யா ஹீட்டர் போடுவான்?"

ஹீட்டர் அண்ணனிடம் அந்தக் கேள்வியை மட்டும் கேட்கக்கூடாது. முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க, குந்துங்க, காட்டுறேன்" என்று தாய்மாமனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் முன் சீட்டில் உட்காரவைத்தார். கண்ணாடியை ஏற்றினார். இன்ஜினைப் போட்டார். குமிழைத் திருப்பினார். பிறகு விளக்க ஆரம்பித்தார். தண்ணீர் எங்கே கிளம்பி எந்தக் குழாய் வழியாக எங்கே போய் எப்படி ஆறித் திரும்பி வருகிறது என்று கையைச் சுழற்றிச் சுழற்றி அவர் சொல்வது வெளியே இருந்து எங்களுக்குத் தெரிந்தது. தாய்மாமன் கதவின் கைப்பிடியைத் தேடுவதும் தெரிந்தது. இவர் அந்தக் கையைப் பிடித்து, "இருங்க, தெர்மோஸ்டேட்ட இன்னும் சொல்லல" என்று உட்காரவைப்பதும் தெரிந்தது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. தாய்மாமன் இறங்கினார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. மீசையில் இருந்து சொட்டியது. கால் பின்னி ஒரு பக்கமாகப் போய், என் மாமா பிடித்துக்கொண்டிருந்த அதே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"மாமா, ஊதுங்க."

அத்தைதான் முதலில் சிரித்தாள். பிறகு எதிர்வீடு சிரித்தது. கடைசியாகத் தாய்மாமன் மீசையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கையில் ஒரு குடம் தண்ணீரும் தோளில் துண்டும் இருந்தன. துண்டை என்னிடம் கொடுத்தாள். குடத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வண்டியைப் பார்த்தாள்.

"மூஞ்சிய இப்டி மூடி வெச்சா அது எப்டி மூச்சு உடும்? இந்த மாலைய மொதல்ல எடுங்க."

அத்தை வாயைத் திறப்பதற்குள் அவளே மாலையை அவிழ்த்துக் கையில் எடுத்துவிட்டாள். அவர் குடத்தைக் கீழே வைத்தார். குரல் தழுதழுத்துவிட்டது.

"தம்பி, இதவிட நல்ல எடம் உனக்கு அமையாது. பொண்ணுக்கு ரேடியேட்டரு எங்க இருக்குதுன்னு தெரியுது."

என்னிடம் அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் சம்மதித்ததற்குக் காரணத்தைப் பின்னால் ஒருநாள் சொன்னாள். ஊதச் சொன்னதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஊதின ஆம்பிளை, வாழ்க்கையில் பெரிதாக எந்தச் சண்டையும் போடமாட்டான் என்று தோன்றியதாம்.

ஆவணியில் மயிலம் கோயிலில் கல்யாணம். எந்த வண்டி என்றாலும் பரவாயில்லை, அந்த வண்டி மட்டும் வேண்டாம் என்றாள் அத்தை. கடையில் குண்டான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன் தலையை நிமிர்த்தி, "அந்த வண்டிதான்" என்றேன். அத்தை திகைத்துப்போனாள். நான் ஒரு விஷயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்முறை.

முன்பக்கத்தில் ஒரு பூகூட இல்லாமல், அலங்காரம் முழுக்க டிக்கியின் மேல் செய்து வண்டியைக் கொண்டுவந்தார் ஹீட்டர் அண்ணன். நேராக வந்த வண்டி பின்பக்கமாக வருவதுபோல் இருந்தது. தாலி கட்டி முடித்து, நானும் அவளும் பின் சீட்டில் ஏறினோம். அவர் முதலில் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, உள்ளே இருந்த வெக்கையை வெளியே விட்டார். பிறகு ஏற்றினார். பிறகு, என் கண்ணையே நம்ப முடியவில்லை, ஏ.சி. குமிழைத் தொட்டார். முழுவதும் திருப்பினார். குளுகுளு என்று காற்று வந்தது. மார்கழி அல்லாத மாதத்தில் அந்தக் காற்றை அந்த வண்டியில் வாங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"கல்யாணத்துக்கு நம்ம ஆளு மொய்யி" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

விக்கிரவாண்டியில் மறுபடியும் முகூர்த்தக் கூட்டம். வண்டி ஊர்ந்தது. பின்னால் இருந்து எனக்கு முள் தெரியவில்லை. அவர் தோள் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஏ.சி. காற்றில் அவருக்கு மட்டும் வியர்த்தது. ஆனால் கை குமிழ்ப் பக்கம் போகவில்லை. மொய் எழுதியாகிவிட்டது, திரும்ப வாங்க அவருக்கு மனசில்லை. நான் பேச நினைத்தேன். கல்யாணத்தன்று அவ்வளவு பேசிப் பழக்கமில்லை.

அவள் முன்னால் குனிந்தாள். கழுத்து மாலை அவர் சீட்டில் இடித்தது.

"அண்ணா, ஹீட்டரப் போடுங்க. நாங்க வாங்கிக்கிறோம்."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் தன் வண்டிக்குக்கூடக் கொடுத்திருக்க மாட்டார். ஏ.சி.யை அணைத்தார். குமிழைச் சிவப்புக்குத் திருப்பினார். பட்டுப்புடவையிலும் பட்டு வேட்டியிலும் நாங்கள் விழுப்புரம் வரைக்கும் வெந்தோம். அவர் தோள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

இப்போது அந்தப் புங்கமரத்தடியில் வேறு வண்டிகள் நிற்கின்றன. அவர் மகள் இருக்கிற ஊருக்கு வண்டியோடு போய்விட்டார். பகலில் போய் வண்டியை வெயிலில் வதைக்கக்கூடாது என்று விடியற்காலையில் கிளம்பியதாகச் சொன்னார்கள்.

கல்யாணத்தன்று எங்கள் வீட்டு வாசலில், முன்னாலேயே வந்துவிட்ட அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றாள். தாய்மாமனும் பக்கத்தில் நின்றார். பூ வாடி, குங்குமம் கரைந்து, தலைமுதல் கால்வரை நனைந்து நாங்கள் இறங்கியதைப் பார்த்து, "திரும்பவுமாடா!" என்று அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டாள். தாய்மாமன் பழக்க தோஷத்தில் மூக்கை நீட்டினார்.

ஹீட்டர் அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. இன்ஜினை அணைத்து, இறங்கி வந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நல்லா இருக்குது. ஒரு கொறையும் இல்ல. இனிமே எவ்ளோ தூரம் வேணா போவும்."

கூடியிருந்தவர்கள் எங்களை வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.